ஓட்டத் தெரியாதவன்

ரிமோட்டை அணைத்து, அதன் நீளமான ஏரியலையும் உள்ளே தள்ளி மூடிய பிறகும், சாப்பாட்டு மேசைமேல் இருந்த அந்தப் பழைய பொம்மைக் காரின் முன் சக்கரங்கள் மெதுவாக இடது பக்கம் திரும்பின. திரும்பி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, என்னவோ யோசித்துவிட்டு மறுபடி நேராயின.

"பாத்தீங்களா மாமா? நான் சொன்னேன்ல," என்றான் மைத்துனன், வாய் நிறைய பிஸ்கட்டோடு. "அணைச்சாலும் அடங்காது."

பதில் சொல்லும் அளவுக்கு மைத்துனனை ஸ்டிக்கர் ஒருபோதும் மதித்ததில்லை.

ஸ்டிக்கர் என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலை. வரிசையாக வரும் விசிறிகளைச் சுழலவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, தேறாததன் மேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ள வேண்டும். சேர்ந்த புதிதில் விசிறிக்கு மட்டும்தான் ஒட்டினார். போகப் போகக் கை பழகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்தும் விதம், மனைவி துணி மடிக்கும் விதம், டாக்டரின் கையெழுத்து, செய்தி வாசிக்கும் பெண்ணின் உச்சரிப்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் வழி தெரிந்து வீடுவரை வந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் பார்த்த மாத்திரத்தில் தேறியதென்று ஒத்துக்கொண்டது உலகத்தில் ஒன்றே ஒன்று. மகள். ஐந்து வயது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் மிளகு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. செருப்பைக் கால் மாற்றிப் போடுவாள், பாடும்போது பாதி வார்த்தையை முழுங்குவாள், கலர் பென்சிலைக் கையில் எடுத்தால் கோட்டுக்கு வெளியேதான் அதிகம் தீட்டுவாள். அதிலெல்லாம் அவருக்குக் குறையே தெரியாது. இதை வெளியே சொன்னால் மரியாதை போய்விடும் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

"எங்க புடிச்ச இந்தத் தரித்திரத்த?" என்றார் கடைசியில்.

"என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்க வர்ற ஒரு அம்மா வீடு காலி பண்றாங்க மாமா. பரண்ல கெடந்துச்சாம், யாரு வாங்கினதுன்னே அவங்களுக்குத் தெரியல. மிளகுக்கு ஆகுமேன்னு எடுத்துட்டு வந்தேன். இந்த மாதிரி வண்டிக்கு பக்கின்னு பேரு."

"குப்ப வண்டிக்காரன் வரலன்னா உன்னக் கூப்பிடுறாங்க. நீயும் பல்லக் காட்டிட்டு வாங்கிட்டு வர."

"வீட்ல ஏற்கெனவே ஒரு பக்கி இருக்கே, அது பத்தாதா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மைத்துனனின் அக்கா, அதாவது ஸ்டிக்கரின் மனைவி. "அதுக்குத் தொணைக்கு வேற ஒண்ணு கொண்டாந்திருக்கான்."

மேசையில் சக்கரங்கள் மறுபடி திரும்பின. இந்த முறை வலது பக்கம். உள்ளே பல்சக்கரம் அரைபடும் சின்னச் சத்தம், யாரோ மூடிய வாய்க்குள் பல்லைக் கடிப்பதுபோல.

ஸ்டிக்கர் விளக்கம் சொன்னார். விளக்கம் சொல்வது அவருக்குப் பிடித்த வேலை, கேட்பவன் முட்டாள் என்பது அதில் ஓசைப்படாமல் உறுதியாகிவிடும். இது அந்தக் காலத்துச் சாமான். ரிமோட்டில் அலைவரிசைக்கென்று ஒரு கிரிஸ்டல், காருக்குள் இருக்கும் ரிசீவரில் அதே எண்ணில் இன்னொரு கிரிஸ்டல். இரண்டும் ஜோடி. அக்கம்பக்கத்தில் வேறு எவனிடமாவது அதே எண் கிரிஸ்டல் போட்ட ரிமோட் இருந்தால், அவன் கை வைத்தாலும் இது ஆடும். அவ்வளவுதான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

"நான் பேய்னு சொல்லவே இல்லையே மாமா," என்றான் மைத்துனன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஸ்டீரிங் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். நாள் முழுக்கப் பிறர் செய்யும் தப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். காரைத் தூக்கித் தரையில் விட்டுவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். கார் தானாக ஒரு அடி நகர்ந்தது. நின்றது. இன்னொரு அடி. மேசைக்காலைத் தாண்டும்போது இடது பக்கம் உரசி, திடுக்கிட்டதுபோல நின்று, பின்னால் வந்து, மறுபடி போய், மறுபடி உரசியது.

"வேற ரிமோட் குறுக்க வர்ற மாதிரி தெரியல மாமா. இது எவனோ கத்துக்கிறான். எங்க பள்ளிக்கூடத்துக்கு வர்ற புது ஆளுங்க எல்லாம் அச்சு அசல் இப்படித்தான். கொஞ்சம் திருப்பிட்டு, பயந்து நேராக்கிடுவாங்க. இடது பக்கம் எவ்வளவு எடம் இருக்குன்னு கண்ணுக்குப் பிடிபடாது. ஒரசிட்டே கெடப்பாங்க."

ஸ்டிக்கர் குனிந்தார். காருக்கு வெகு அருகில் முகத்தை வைத்து, விசிறியிடம் பேசும் அதே குரலில், "டேய் முண்டம்," என்றார். "ஓட்டத் தெரியலன்னா எறங்குடா. வண்டிய விடு."

கார் நின்றது. பல் கடிக்கும் சத்தமும் நின்றது. அது காது கேட்டு நின்றதுபோல இருந்ததில் மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். ஸ்டிக்கருக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி. பேச வேண்டிய விதத்தில் பேசினால் எதுவும் அடங்கும்.

காரைச் சரிசெய்ய ஸ்டிக்கர் வரவழைத்த புது உதிரிகள் ஒரு வாரத்தில் வந்துசேர்ந்தன. பிரஷ் இல்லாத புது மோட்டார், அதை ஓட்டும் விரலளவு கன்ட்ரோலர், தபால்தலை மாதிரி ஒரு ரிசீவர், கிரிஸ்டல் எதுவும் தேவைப்படாத புது ரிமோட், மெல்லிய லித்தியம் பேட்டரி. விடுமுறை நாள் மத்தியானம் மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, ஸ்டிக்கர் காரைப் பிரித்தார். வெளியே மழை வருமா வராதா என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. காரின் வயிற்றைத் திறந்ததும் வழிந்து காய்ந்த பேட்டரியின் புளித்த வாடையும், கருகிய தூசியும், வெயிலில் கிடந்த ரப்பரும் சேர்ந்து மூக்கில் ஏறின. இதற்கு முன் இதைத் தொட்ட ஒவ்வொருவனையும் அவர் பெயர் தெரியாமலே திட்டினார். ஒருவன் திருகாணியின் தலையைத் தேய்த்திருந்தான். இன்னொருவன் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தான். பற்றவைக்கவும் துப்பில்லை, பற்றவைக்கத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் துப்பில்லை.

மேசைக்கு அடியில் மிளகு உட்கார்ந்திருந்தாள். பழைய ரிசீவரிலிருந்து தொங்கிய ஏரியல் கம்பியைச் சுட்டுவிரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக ஒரு விளையாட்டு.

"அப்பா, இது கிச்சுகிச்சு மூட்டுது."

"கம்பி என்னத்த மூட்டும்? சும்மா இரு."

"நெஜமா. உள்ள எறும்பு போற மாதிரி இருக்கு. நீ புடிச்சுப் பாரு."

அவர் பிடித்துப் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு தடவை அந்த அறிவுகெட்ட ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று பழைய பேட்டரியைச் சொருகினார். முன் சக்கரங்கள் உடனே அசைந்தன. போன வாரத்தைவிட அசைவு நிதானப்பட்டிருந்தது. இடது, நேர், வலது, நேர். ஒரு கை அவசரமில்லாமல் பழகிக்கொண்டிருந்தது.

"இன்னும் எறங்கலயா நீ," என்றார். இடுக்கியை எடுத்து ரிசீவரிலிருந்த கிரிஸ்டலைப் பிடித்தார். மின்சாரம் ஓடும்போது எதையும் பிடுங்கக் கூடாது என்று தொழிற்சாலையில் புதிதாய் வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவர் அவர்தான். ஒரு பொம்மைக்கெல்லாம் அந்த மரியாதை எதற்கு. பிடுங்கினார்.

சக்கரங்கள் இடது பக்கம் பாதி திரும்பிய நிலையில் விறைத்தன. காருக்குள் ஒரு மெல்லிய கீச்சு எழுந்து, மேலே போய், காதுக்கு எட்டாத இடத்தில் முடிந்தது.

மேசைக்கு அடியில், "ங்" என்று ஒரு சத்தம். கனமான எதையோ திடீரென்று கையில் வாங்கியவர்கள் போடும் சத்தம்.

"என்ன மிளகு?"

அவர் திருகாணியைத் தேடி எடுத்தார், அதைத் துடைத்தார், சின்னக் கிண்ணத்தில் போட்டார். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது.

"ஒண்ணு... மில்லப்பா."

பழைய ரிசீவரையும் கிரிஸ்டலையும் உபயோகமில்லாத சாமான் போடும் தகர டப்பாவில் வீசினார். மாலைக்குள் புது உறுப்புகள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் விட்டதும் கார் அம்பு மாதிரி போய், சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நின்றது. ஒரு துடிப்பு இல்லை, ஒரு உரசல் இல்லை. ரிமோட்டை அணைத்தால் செத்த மாதிரி கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, "புதுசுங்களா?" என்று கேட்டார். "பழசு. ஆனா நான் செஞ்சது," என்றார் ஸ்டிக்கர். கைதட்ட வேண்டிய மகள் கையைத் தொங்கவிட்டபடி மாடிப்படி ஓரத்தில் நின்றாள். கண் மட்டும் கார் போகும் பக்கமெல்லாம் போனது.

வீட்டுக்குள் வரும்போது அவள் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டாள்.

இடித்துக்கொள்ளாத குழந்தை எது. அவர் தேய்த்துவிட்டார். ஆனால் மறுநாள் காலையிலும் அதே தோள், குளியலறைக் கதவில். சாப்பிடும்போது கரண்டி வாய்க்கு இடது பக்கம் கன்னத்தில் போய் முட்டியது. முட்டியதும் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி முன்னால் வந்து இந்த முறை வாயைக் கண்டுபிடித்தது. அழவில்லை. சிரிக்கவும் இல்லை. முன்பெல்லாம் சிந்தினால் அவளே முதலில் சிரிப்பாள்.

"தூக்கக் கலக்கம்," என்றாள் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காரும் வேலை அவளுக்கு. வலியோடு வருகிறவர்களிடம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி வீட்டிலும் அதே வாய். "சும்மா கொழந்தைய விசிறி பாக்குற மாதிரி பாக்காதீங்க."

அவர் பார்த்தார். வேறு எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது. கூப்பிட்டால் தலை உடனே திரும்பாது. கொஞ்சம் தாமதித்து, வேண்டிய அளவைத் தாண்டித் திரும்பி, பின்பு சரியாக அவர் முகத்துக்கு வந்து நிற்கும். அந்த நிற்கும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு நடுக்கம், இங்கேயா அங்கேயா என்று. காதை அவள் கழுத்தோடு வைத்துக் கேட்டார். மூச்சு. பால்பவுடர் வாடை. அதற்கும் அடியில், வெகு தொலைவில், அரைபடும் சத்தம் ஒன்று இருந்ததா, தன் பல்லைத் தானே கடித்துக்கொண்டிருந்தாரா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

டாக்டரிடம் போனார்கள். டாக்டர் முழங்காலில் தட்டினார், கண்ணில் விளக்கடித்தார், சத்து மருந்து எழுதினார். "வளர்ற வயசு. கை கால் நீளுதுல்ல. அளவு பிடிபட கொஞ்ச நாள் ஆகும், அப்புறம் பாருங்க."

அந்த ஆளுக்கு ஸ்டிக்கர் மனதுக்குள் ஒன்றுக்கு இரண்டாக ஒட்டினார். ஆனால் டாக்டர் சொன்னது நடந்தது. அதுதான் வினை.

அளவு பிடிபட்டது. முதலில் தோள் இடிப்பது நின்றது. நிலைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு அவள் போகத் தொடங்கினாள். எப்போதும் அதே ஒரு விரல். சோறு சிந்துவது நின்றது. செருப்பைக் கால் மாற்றாமல் போட்டாள். வகுப்பு ஆசிரியை மனைவியைக் கூப்பிட்டு, "இப்பல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்கா. கோடு தாண்டாம கலர் அடிக்கிறா," என்றாளாம். மனைவி அதைச் சொல்லும்போது முகமெல்லாம் பெருமை.

"கோடு தாண்டலயா?" என்றார் ஸ்டிக்கர்.

"ஆமாங்கிறேன். ஏன், அதுவும் குத்தமா? நல்லா இல்லன்னா குத்தம், நல்லா இருந்தாலும் குத்தம். உங்க கண்ணுலதான் கோளாறு."

அவர் அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தார். பச்சை இலை, இலைக்குள். மஞ்சள் பூ, பூவுக்குள். விளிம்பு வரை வந்து, விளிம்பை ஒரு மயிரிழைகூட மீறாமல் நின்ற நிறம். தொழிற்சாலையாக இருந்தால் தேறியதென்று விட்டிருப்பார். படங்களைக் கவிழ்த்து வைத்தார்.

ஒரு சாயங்காலம் மின்சாரம் இல்லை. மனைவி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. படுக்கையறையில் படுத்திருந்தவர் கூடத்தில் பாதங்கள் போகும் சத்தம் கேட்டுக் கண் விழித்தார். வெறும் பாதம் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். போகும். நிற்கும். வரும். எழுந்துபோய்க் கதவிடுக்கில் பார்த்தார். சன்னல் வழியே விழுந்த அழுக்கு வெளிச்சத்தில் மிளகு சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். திரும்பவில்லை. முகம் சுவரைப் பார்த்தபடியே இருக்க, கால்கள் மட்டும் பின்னால் வந்தன. நேர்கோடாக. எதிர்ச்சுவரில் முதுகு படும் முன் நின்றன. பிறகு முன்னால். பிறகு பின்னால். ஒவ்வொரு தடவையும் சுவருக்கும் அவளுக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் மூக்கு நுனி சுண்ணாம்பில் படாமல் பட்டு நின்றது.

பழகிக்கொண்டிருந்தாள்.

இல்லை. பழகிக்கொண்டிருந்தது.

அவர் மைத்துனனைக் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, "கொஞ்சம் வந்துட்டுப் போ மாப்ள," என்றார். அந்தக் குரலைக் கேட்டு அவன் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். வந்ததும் வழக்கம்போல், "என்ன மாமா, எனக்கு எதாவது ஸ்டிக்கர் பாக்கி இருக்கா?" என்றான். பிறகு, "மிளகு, மாமாவுக்குத் தண்ணி கொண்டா," என்றான்.

சமையலறையிலிருந்து அவள் வந்தாள். டம்ளரில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி மேடு கட்டி நின்றது. நாற்காலி, செருப்பு வரிசை, தரையில் விரிந்து கிடந்த செய்தித்தாள் எல்லாவற்றையும் சுற்றி வளைந்து வந்தாள். வளைவில் வேகம் குறைந்தது. வளைந்தபின் கூடியது. மைத்துனனின் கைக்கு நேராக டம்ளர் வந்து நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"குடிங்க மாமா."

அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. அவள் பின்னால் நகர்ந்தபடியே அறைக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

"அன்னிக்கு மேசைக்காலுகிட்ட பாத்தோம்ல மாமா," என்றான் மெதுவாக. "அதே திருப்பம்."

"உனக்கும் அதே மாதிரிதான் தோணுதா?"

"ஒரு ஆளு ஸ்டீரிங் திருப்புறது கையெழுத்து மாதிரி. மாறவே மாறாது." டம்ளரைத் தரையில் வைத்தான். "ஆனா இப்ப ஒரசல."

"இப்ப என்ன பண்றது?"

"எனக்குக் கத்துக்கொடுக்கத்தான் மாமா தெரியும். எறக்கிவிடத் தெரியாது."

அக்கா வரும்வரைகூட அவன் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மருத்துவமனையில் கூட்டம் என்று மனைவி போன பிறகு, ஸ்டிக்கர் தகர டப்பாவைக் கவிழ்த்தார். பழைய ரிசீவர் அடியில் கிடந்தது. ஏரியல் கம்பி எதிலோ மாட்டி வேரோடு அறுந்திருந்தது. கிரிஸ்டல் ஒரு துருப்பிடித்த சுருள்வில்லுக்குள் போய் ஒளிந்திருந்தது. சால்டரிங் இரும்பைச் சூடாக்கினார். கம்பியைப் பற்றவைத்தார். ஈயம் உருண்டை உருண்டையாக எங்கெங்கோ விழுந்தது. வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பார். புகை கண்ணைக் கரித்தது. அவர் வைத்த புது ரிசீவரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பழையதை வைத்து, மோட்டாரின் கன்ட்ரோலரையும் சக்கரம் திருப்பும் சர்வோவையும் அதில் சொருகினார். கிரிஸ்டல் மட்டும் பாக்கி. அன்று செய்ததைத் தலைகீழாகத் திருப்பிச் செய்தால் போதும். வண்டியை அதனிடமே கொடுத்துவிட்டால் போதும்.

"மிளகு. இங்க வாம்மா."

வந்தாள். மேசைக்கு எதிரில் நின்றாள். ஒரு துடிப்பு இல்லாமல்.

"இந்தக் கம்பியக் கொஞ்சம் விரல்ல சுத்திக்கோ. அன்னிக்கு மாதிரி. உனக்குப் பிடிக்குமே."

அவள் கம்பியைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அழுக்கு," என்றாள்.

தொழிற்சாலையில் மேலாளரைக்கூட நீ என்று மனதுக்குள் பேசுகிறவர், தன் ஐந்து வயது மகளின் முகத்தைப் பார்த்து, நாற்காலியிலிருந்து இறங்கி மண்டிபோட்டார்.

"வாங்க," என்றார். "தயவுசெஞ்சு வாங்க. நான் அன்னிக்குப் பேசினது தப்பு. வண்டி உங்களோடதுதான். நல்ல மோட்டார் போட்டிருக்கேன். நல்லாப் போகும். நீங்க இதுல ஏறிக்கோங்க. எம்பொண்ண மட்டும் விட்டுடுங்க."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரிடமோ யாரோ பேசுவதைக் கேட்பதுபோல. பேச்சு முடிந்துவிட்டது என்று உறுதியானதும் பின்னாலேயே நகர்ந்துபோய் அறை வாசலில் நின்றாள். நிலைக்கு ஒரு விரல் தள்ளி.

கம்பியைத் தன் விரலிலேயே சுற்றிக்கொண்டார். பேட்டரியைச் சொருகினார். மின்சாரம் ஓடும்போதே கிரிஸ்டலை அழுத்தினார். உள்ளே போய் உட்கார்ந்தது. கம்பியை விரலிலிருந்து அவிழ்த்து, காரைத் தரையில் விட்டார்.

ஒன்றும் இல்லை.

வெளியே தெருவில் யாரோ இருமிக்கொண்டு போனார்கள். மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம். சால்டரிங் இரும்பின் புகை கூடத்தில் ஒரு துணிபோல் தொங்கியது. சக்கரங்கள் அசையவில்லை. அந்த அலைவரிசையில் இப்போது யாரும் இல்லை. அவருக்கு அழுகை வந்தது. ஓட்டுவதற்கு மகளே கிடைத்திருக்கும்போது அதற்கு இந்தப் பொம்மை எதற்கு.

கையை நீட்டி அணைக்கப் போனார்.

முன் சக்கரங்கள் துடித்தன.

இடது. வலது. இடது. கண்டபடி. முன்பு பார்த்த நிதானம் இல்லை. யோசனை இல்லை. ஸ்டீரிங் என்றால் என்ன என்றே தெரியாத ஒரு துடிப்பு. கார் பாய்ந்து மேசைக்காலில் மோதியது. கவிழப் பார்த்தது. பின்னால் வந்து சுவரில் முட்டியது. சுற்றியது. சுற்றிச் சுற்றி எதையோ தேடியது. கார் அவர் பக்கமாகத் திரும்பியது. நின்றது.

பிறகு தத்தித் தத்தி வந்தது.

அவர் கால் கட்டைவிரலில் வந்து முட்டியது. பின்னால் போனது. முட்டியது. பின்னால் போனது. முட்டியது. தூக்கச் சொல்லி முட்டியது.

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே நின்றவள் அசையவே இல்லை.

காரைப் பார்த்தார்.

"மிளகு?" என்றார், காரிடம்.

சக்கரங்கள் வெறிபிடித்தமாதிரி சுழன்றன. ரப்பர் கருகும் வாடை வந்தது. பிறகு அவர் பாதத்தின் மேல் ஏறப் பார்த்தது, ஏற முடியாமல் சறுக்கியது, மறுபடி ஏறப் பார்த்தது. குனிந்து இரண்டு கைக்குள்ளும் அதை எடுக்கலாம் என்று போனார். அப்போதுதான் பீப் என்றது. கன்ட்ரோலர். பேட்டரி இறங்கிவிட்டால் அது எச்சரிக்கும். அந்த வசதிக்காகவே தேர்ந்தெடுத்து வாங்கியது. அன்று ஓட்டிப் பார்த்த பிறகு பேட்டரியை யாரும் சார்ஜில் போடவில்லை.

இன்னொரு பேட்டரி இருந்தது. அலமாரியில், முழுதாக சார்ஜ் ஏறியது. அதைப் போட வேண்டுமானால் முதலில் இதைக் கழற்ற வேண்டும்.

பீப்.

கழற்றினால் அவள் எங்கே போவாள்.

பீப்.

"அப்பா," என்றது வாசலில் நின்ற குரல். மகளின் குரல்தான், ஒரு எழுத்து முழுங்காமல், தெளிவாக. "சத்தமா இருக்கு. அத அணைச்சிடுங்க."

அவர் காலை எடுக்கவில்லை. கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சக்கரங்கள் சுழன்றன. மெதுவாக. இன்னும் மெதுவாக. வாசலில் இருந்தவள் அவரைப் பார்த்து, இடது பக்கம் ஒரு விரல் விட்டு, வலது பக்கம் ஒரு விரல் விட்டு, எதிலும் படாமல் நடந்து வந்தாள்.